குற்றத்துக்குக் காலாவதி உண்டா?

1974 ஏப்ரல் 1 அன்று இந்தியாவில் இரண்டு சட்டங்கள் ஒரே நாளில் நடைமுறைக்கு வந்தன. ஒன்று, 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம். சிறு குற்றங்களுக்கு வழக்குத் தொடரக் காலவரம்பு உண்டு என்று இந்த நாட்டில் முதன்முதலாகப் பொதுவிதி வகுத்தது அதுதான். மற்றொன்று, பொருளாதாரக் குற்றங்களுக்கு அந்தக் காலவரம்பு பொருந்தாது என்று சொல்ல மட்டுமே இயற்றப்பட்ட மிகச் சிறிய சட்டம். வருமான வரி, செல்வ வரி, மத்திய கலால் வரி, மத்திய விற்பனை வரி என்று ஒரு பட்டியலை அது இணைத்திருந்தது. குடிமகனுக்குக் கொடுத்த பாதுகாப்பை, அரசுக்கு வரவேண்டிய பணம் என்று வந்ததும் அன்றைக்கே அரசு திரும்ப எடுத்துக்கொண்டது.

தண்டிக்கும் அதிகாரத்தைக் காலம் பறிக்கலாமா? பறிக்கலாம் என்றால் எந்தக் குற்றத்துக்கு, எத்தனை ஆண்டில்? இந்தக் கேள்விக்கு இரண்டாயிரம் ஆண்டுகளாக விடைகள் வந்துகொண்டிருக்கின்றன. ஐந்து ஆண்டா, பதினைந்தா, இருபதா என்ற எண்ணிக்கையைச் சுற்றியே வாதம் பெரும்பாலும் நடந்திருக்கிறது. கடந்துபோன அந்தக் காலம் யார் கையில் இருந்தது என்பது அதைவிட முக்கியமான கேள்வியாகத் தோன்றுகிறது. குற்றவாளி மறைத்ததால் கழிந்த ஆண்டுகள் உண்டு. பாதிக்கப்பட்டவர் வாய் திறக்க முடியாமல் கழிந்த ஆண்டுகள் உண்டு. அரசு கோப்பைக் கட்டிவைத்துவிட்டு உறங்கியதால் கழிந்த ஆண்டுகளும் உண்டு. மூன்றையும் ஒரே கணக்கில் சேர்த்ததால் வந்த சிக்கல்களே இந்த வரலாற்றில் அதிகம்.

பழைய விடைகள்

ரோமில் அகஸ்டஸ் காலத்துச் சட்டம் பிறன்மனை உறவுக் குற்றத்துக்கு ஐந்து ஆண்டு வரம்பு வைத்தது. பிற்காலப் பேரரசில் பல குற்றங்களுக்கு இருபது ஆண்டு என்ற விதி நிலைபெற்றது. ஐரோப்பியக் கண்டத்தின் சட்டங்கள் இந்த மரபில் வளர்ந்தவை. பிரான்சில் 1808-ஆம் ஆண்டின் குற்ற விசாரணைச் சட்டம் பெருங்குற்றங்களுக்குப் பத்து ஆண்டு, நடுத்தரக் குற்றங்களுக்கு மூன்று ஆண்டு, சில்லறைக் குற்றங்களுக்கு ஓராண்டு என்று படிவரிசை வகுத்தது. 2017-இல் பெருங்குற்றத்துக்கு இருபது, நடுத்தரக் குற்றத்துக்கு ஆறு என்று இரட்டிப்பாகும்வரை அடிப்படை அளவு ஏறத்தாழ அப்படியே இருந்தது.

இங்கிலாந்து வேறு வழியில் போனது. அரசருக்கு எதிராகக் காலம் ஓடாது என்பது அங்கே பழங்கொள்கை. கடுங்குற்றங்களுக்குப் பொதுவான காலவரம்பு இன்றும் அங்கே இல்லை; நடுவர் மட்டத்தில் முடியும் சிறு குற்றங்களுக்கு மட்டும் ஆறு மாதம். 1974-க்கு முந்தைய இந்தியா இந்த மரபின் நிழலில்தான் இருந்தது.

சிந்தனையாளர்களில் பெக்காரியா 1764-இல் ஒரு நடுவழி சொன்னார். நெடுங்காலம் நினைவில் நிற்கும் கொடிய குற்றத்தைச் செய்துவிட்டுத் தப்பியோடியவனுக்குக் காலம் அடைக்கலம் தரக்கூடாது. சிறிய, தெளிவற்ற குற்றங்களில் ஒருவனை ஆயுள் முழுவதும் அச்சத்தில் வைத்திருக்கவும் கூடாது என்பது அவர் கருத்து. பெந்தம், பெருங்குற்றம் செய்தவன் சட்டத்தின் கண்முன்னே நிம்மதியாக வாழ்வதைச் சமூகத்துக்கே நேரும் தீங்கு என்று பார்த்தார். பின்னால் வந்த பெரும்பாலான சட்டங்கள் இந்த இருவருக்கும் இடையில் எங்கோ ஓர் இடத்தில் நிற்பவையே.

வரம்பு வேண்டும் என்போர்

வரம்பை ஆதரிப்போரின் முதல் காரணம் சாட்சியம். நினைவு மங்கும், சாட்சிகள் இறப்பார்கள், ஆவணங்கள் செல்லரிக்கும். குற்றம் சாட்டப்பட்டவர் தன்னை நிரூபித்துக்கொள்ளும் வழிகளும் அவற்றோடு போய்விடும். இரண்டாவது, முப்பது ஆண்டு ஒழுங்காக வாழ்ந்தவரைத் தண்டிப்பதால் என்ன பயன் என்ற கேள்வி. மூன்றாவது, காலக்கெடு இருந்தால்தான் காவல் துறை சுறுசுறுப்பாக இயங்கும் என்பது. இந்தியச் சட்ட ஆணையம் 1971-இல் அளித்த 42-ஆவது அறிக்கை சிறு குற்றங்களுக்கு வரம்பைப் பரிந்துரைத்தபோது இத்தகைய காரணங்களையே முன்வைத்தது.

முதல் காரணம் இப்போது பழைய வலுவோடு இல்லை. மரபணுச் சோதனை வந்த பிறகு, காலம் சாட்சியத்தை அழிக்கும் என்ற முடிவு எல்லா வழக்குக்கும் பொருந்துவதில்லை. 1999-இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் அரசு வழக்கறிஞர்கள் பெயர் தெரியாத குற்றவாளியின் மரபணு விவரத்தையே அடையாளமாகக் குறித்து வாரண்ட் பெற்றுக் காலவரம்பை நிறுத்தினார்கள். ஜப்பான் கொலைக் குற்றத்துக்கு இருந்த 25 ஆண்டு வரம்பை 2010 ஏப்ரல் 27 அன்று நீக்கியதிலும் இந்த மாற்றத்துக்குப் பங்கு உண்டு. ஆனாலும் மரபணு சொல்வது ஒருவர் அங்கே இருந்தார் என்பதை மட்டும்தான். தான் வேறு சூழ்நிலையில் அங்கே இருந்ததாகச் சொல்பவருக்கு ஆதரவாகப் பேச வேண்டிய சாட்சி இருபது ஆண்டில் இறந்துபோயிருந்தால், அறிவியல் அந்த இழப்பை ஈடுசெய்யாது. காலம் அரசுத் தரப்பைவிட எதிர்த்தரப்பையே அதிகம் பலவீனப்படுத்தும் வழக்குகள் உண்டு என்பதை வரம்பு நீக்கத்தை ஆதரிப்போர் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டாவது காரணத்தின் பலவீனம் வேறு. ஒழுங்காக வாழ்ந்தார் என்பது அவர் திருந்தினார் என்பதையும் காட்டலாம், பிடிபடவில்லை என்பதை மட்டும் காட்டலாம். இரண்டையும் பிரித்தறியச் சட்டத்துக்கு எளிய வழி இல்லை.

ஜெர்மனி: ஒரு நாட்டின் மனச்சாட்சியும் ஒரு சின்னப் பிரிவும்

இந்த விவாதம் முழு ஆழத்தில் நடந்த இடம் மேற்கு ஜெர்மனி. 1871-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டப்படி அங்கே கொலைக்கு இருபது ஆண்டு, கொலையாகாத மரணம் விளைத்தலுக்குப் பதினைந்து ஆண்டு. நாஜி ஆட்சி 1945 மே 8 அன்று முடிந்தது. 1960 மே மாதம் இரண்டாவது வகைக் குற்றங்கள் காலாவதியாயின. 1965-இல் கொலையின் முறை நெருங்கியது.

1965 மார்ச் 10 அன்று நாடாளுமன்றத்தில் நடந்த விவாதம் இன்றும் சட்ட மாணவர்களால் படிக்கப்படுகிறது. முடிவில் ஒரு நடுவழி கண்டார்கள்: 1949 இறுதி வரை ஜெர்மன் நீதித்துறை முழுமையாக இயங்கவில்லை, எனவே கணக்கை 1950-இலிருந்து தொடங்கலாம். நாஜிகள் கைவிட்ட சட்ட ஒழுங்கை நாமும் வளைக்கலாகாது என்று கருதிய நீதி அமைச்சர் எவால்ட் புகர் இதை ஏற்காமல் பதவி விலகினார். 1969-இல் வரம்பு முப்பது ஆண்டானது. 1979 ஜூலை 3 அன்று 255-க்கு 222 என்ற வாக்குகளில் கொலைக்கு வரம்பே இல்லை என்று ஆனது. ஒரே கேள்விக்கு நான்கு முறை கூடி விடை தேடிய நாடாளுமன்றம் அது.

ஆனால் இந்தப் பெரிய விவாதங்களுக்கு நடுவே, யாரும் கவனிக்காத ஒரு சட்டம் அதிகக் கேட்டைச் செய்தது. போக்குவரத்து அபராதம் போன்ற சிறு மீறல்களைச் சீரமைக்கும் சட்டத்துக்கான அறிமுகச் சட்டம் ஒன்று 1968 மே மாதம் நிறைவேறியது. அதில் தண்டனைச் சட்டத்தின் 50-ஆம் பிரிவில் ஒரு திருத்தம் இருந்தது. கொலைக்கு உடந்தையாக இருந்தவரிடம் இழிந்த உள்நோக்கம் தனிப்பட்ட முறையில் இருந்ததாக நிரூபிக்க முடியாவிட்டால், அவருக்குத் தண்டனையைக் குறைத்தே ஆக வேண்டும் என்றது அது. குறைத்தால் உச்சத் தண்டனை பதினைந்து ஆண்டு. அந்த அளவு தண்டனைக்குரிய குற்றத்தின் காலவரம்பும் பதினைந்து ஆண்டுதான். ஆகவே, யூத ஒழிப்பை மேசையில் அமர்ந்து திட்டமிட்ட அதிகாரிகளில் உடந்தையாளராக மட்டும் கருதப்பட்டவர்களின் குற்றம் 1960-லேயே காலாவதியாகிவிட்டது என்ற நிலை வந்தது. 1969 மே 20 அன்று ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் பொருள் கொண்டது. நாஜிப் பாதுகாப்புத் தலைமையகத்தின் அதிகாரிகள்மீது பெர்லினில் பல ஆண்டுகளாகத் தயாரான வழக்குகள் சரிந்தன. இந்தச் சீர்திருத்தப் பணியில் முக்கியப் பொறுப்பில் இருந்த எடுவார்ட் டிரேயர், நாஜிக் காலத்தில் இன்ஸ்புருக் சிறப்பு நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞராக இருந்தவர். திருத்தம் திட்டமிட்டு நுழைக்கப்பட்டதா, கவனக்குறைவா என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை.

காலவரம்பைத் தண்டனையின் உச்ச அளவோடு பிணைத்துவைக்கும் எந்த நாட்டுக்கும் இது எச்சரிக்கை. தண்டனையைக் குறைக்கும் ஒரு திருத்தம், யாரும் விவாதிக்காமலேயே, பழைய வழக்குகளின் வாசலை மூடிவிடலாம். இந்தியச் சட்டமும் அந்தப் பிணைப்பின்மீதுதான் நிற்கிறது.

சர்வதேசச் சட்டம் இந்த விவாதத்தில் ஒரு பக்கம் சாய்ந்தது. போர்க்குற்றங்களுக்கும் மானுடத்துக்கு எதிரான குற்றங்களுக்கும் காலவரம்பு இல்லை என்ற ஐ.நா. உடன்படிக்கை 1968 நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்டது. இந்தியாவும் 1971-இல் அதில் இணைந்தது.

எந்த நாளிலிருந்து எண்ணுவது?

குற்றம் நடந்த நாளிலிருந்து எண்ணுவதே எளிய வழி. அதற்கு விலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர்கள். ஆஸ்பெஸ்டாஸ் நிறுவனமான எடர்னிட் தொடர்பான இத்தாலிய வழக்கு இதை வலிக்க வலிக்கக் காட்டியது. ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வரும் நுரையீரல் உறைப் புற்றுநோய் தலைகாட்டவே பல பத்தாண்டுகள் ஆகும். நிறுவனத்தின் முன்னாள் உரிமையாளருக்கு 2013-இல் தூரின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 18 ஆண்டு சிறை விதித்தது. 2014 நவம்பர் 19 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. ஆலைகள் 1986-இல் மூடப்பட்டபோதே பேரழிவுக் குற்றம் முடிந்துவிட்டது, ஆகவே காலவரம்பு கடந்துவிட்டது என்பது காரணம். நோய் வருவதற்கு முன்பே குற்றம் காலாவதியாகிவிடும் என்ற இந்த முடிவைச் சட்டத்தின் தர்க்கம் தாங்கலாம். அதன் நியாயம் தாங்குமா என்பது ஐயம்.

இந்தியச் சட்டம் இதில் ஓரளவு முன்யோசனையோடு இருக்கிறது. அபராதம் மட்டுமே தண்டனை என்றால் ஆறு மாதம், ஓராண்டு வரை சிறை என்றால் ஓராண்டு, மூன்றாண்டு வரை சிறை என்றால் மூன்றாண்டு என்று 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 468-ஆம் பிரிவு வகுத்தது. அதற்கு மேற்பட்ட குற்றங்களுக்கு வரம்பு இல்லை. குற்றமோ குற்றவாளியோ தெரியாதிருந்தால், தெரியவந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். தாமதத்துக்கு நல்ல காரணம் இருந்தால், அல்லது நீதியின் பொருட்டுத் தேவை என்றால், நீதிமன்றம் வரம்பைத் தளர்த்தலாம். அந்தச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலையில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 514-ஆம் பிரிவில் இதே அளவுகளை வைத்துக்கொண்டு, புகார் தந்த நாள் அல்லது தகவல் பதிவான நாளே கணக்குக்கு உரியது என்று விளக்கமும் சேர்த்தது. நீதிமன்றம் கோப்பைக் கையில் எடுக்கத் தாமதித்ததற்குப் புகார்தாரர் பலியாகக் கூடாது என்று 2013-இல் சாரா மேத்யூ வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னதை அந்த விளக்கம் சட்டமாக்கியது.

குழந்தைகள்மீதான பாலியல் குற்றத்தில் இந்த ஏற்பாடும் போதவில்லை. 2013-க்கு முன்பு, பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவிக்கும் குற்றத்துக்கு உச்சத் தண்டனை இரண்டு ஆண்டு. ஆகவே காலவரம்பு மூன்று ஆண்டு. ஏழு வயதில் துன்புறுத்தப்பட்ட சிறுமி, அவளுக்குப் பத்து வயது ஆவதற்குள் வழக்குக்கு வழி செய்திருக்க வேண்டும் என்பதுதான் இதன் நடைமுறைப் பொருள். அந்தக் காலம் அவள் கையில் இருந்ததில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டத்தின்கீழ் வரும் குற்றங்களைப் பெரியவர்களான பிறகும் புகார் செய்யலாம் என்று 2018-இல் மத்திய சட்ட அமைச்சகம் தெளிவுபடுத்தியது. 2012-க்கு முந்தைய குற்றங்களுக்கு அந்தத் தெளிவு எந்த அளவு உதவும் என்பது தீராத கேள்வி.

வரிக் குற்றம்: வரம்பற்ற அரசு

வரி ஏய்ப்புக்கு நீண்ட காலவரம்பு கேட்போரின் வாதம் வலுவானது. ஏய்ப்பவர் கணக்கைத் தானே எழுதுகிறார், தானே மறைக்கிறார். வெளிநாட்டுக் கணக்கும் பெயர்ப்பலகை நிறுவனங்களும் அடுக்கடுக்காக வந்தால் கண்டுபிடிக்கவே பத்து ஆண்டு ஆகும். ஜெர்மனியின் கம்-எக்ஸ் மோசடி இதற்குச் சான்று. பங்காதாய நாளை ஒட்டிப் பங்குகளை வேகமாகக் கைமாற்றி, ஒருமுறை செலுத்திய வரிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை திருப்பிச் செலுத்தலைப் பெறுவது அதன் உத்தி. கடுமையான வரி ஏய்ப்புக்குப் பத்து ஆண்டாக இருந்த வரம்பு 2020 இறுதியில் பதினைந்தாக்கப்பட்டது. 2021 ஜூலை 28 அன்றுதான் இந்த உத்தி குற்றமே என்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆனால் வரம்பை நீட்டுவது ஒரு பகுதிதான். இந்த விவகாரத்தில் பேர்பெற்ற தனியார் வங்கி ஒன்றின் முன்னாள் தலைவர்மீது பான் நகரில் நடந்த வழக்கு, அவருடைய உடல்நலம் காரணமாக 2024 ஜூனில் தீர்ப்பின்றி நிறுத்தப்பட்டது.

இந்தியாவின் விடை இன்னும் தீவிரமானது: வரம்பே வேண்டாம். இதன் விளைவைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். மூன்றாண்டுக்கு மேல் சிறைத்தண்டனை உள்ள குற்றங்களுக்குப் பொதுச்சட்டத்திலேயே வரம்பு கிடையாது. 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில், 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, ஏய்க்க முயன்ற வரி 25 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஏழு ஆண்டு வரை சிறை என்று இருந்தது. அதற்குக் குறைந்தால் இரண்டு ஆண்டு வரை. அப்படியானால் பெரிய ஏய்ப்பாளரைப் பிடிக்க 1974-ஆம் ஆண்டின் விலக்குச் சட்டம் தேவையே இருக்கவில்லை. அந்த விலக்கு உண்மையில் கடித்தது 25 லட்சத்துக்குக் கீழே இருந்தவர்களை. கறுப்புப் பண முதலைகளை மனத்தில் வைத்து இயற்றப்பட்டதாகப் பேசப்படும் சட்டம், சிறிய வரிசெலுத்துநரிடமிருந்துதான் பாதுகாப்பைப் பறித்திருக்கிறது. இதைப் பற்றி நம்மிடையே போதிய விவாதம் நடக்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது. சிறிய தொகை வழக்குகளை இரு மூத்த அதிகாரிகள் குழுவின் ஒப்புதலின்றித் தொடுக்கக் கூடாது என்று 2019 செப்டம்பரில் நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கை விட்டது. நல்ல முயற்சிதான். ஆனால் சுற்றறிக்கை தரும் ஆறுதல் சட்டம் தரும் உரிமை ஆகாது.

இன்னொரு முரண்பாடும் இருக்கிறது. பழைய ஆண்டுக் கணக்கை மறுமதிப்பீட்டுக்குத் திறக்க வரித்துறைக்குக் காலவரம்பு உண்டு. 2021-இல் அது பொதுவாக மூன்று ஆண்டு, 50 லட்சத்துக்கு மேற்பட்ட வருமானம் தப்பியிருந்தால் பத்து ஆண்டு என்று இருந்தது. 2024-இல் மூன்று ஆண்டு மூன்று மாதம், ஐந்து ஆண்டு மூன்று மாதம் என்று திருத்தப்பட்டது. மருத்துவர், வழக்கறிஞர் போன்றோர் கணக்குப் புத்தகங்களை ஆறு ஆண்டு பாதுகாத்தால் போதும் என்று 1962 விதிகள் சொல்லின. வரியை வசூலிக்கக் கெடு உண்டு, கணக்கை வைத்திருக்கக் கெடு உண்டு, சிறைக்கு அனுப்ப மட்டும் கெடு இல்லை. மதிப்பீடு முடியும்வரை வழக்கு காத்திருக்க வேண்டியதில்லை என்று 1984-இல் தூத்துக்குடி வருமான வரி அலுவலகம் சார்ந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசுக்கு முன்கூட்டியே தொடரவும் வழி உண்டு என்றால், வரம்பின்றித் தாமதிக்க என்ன நியாயம் என்று கேட்க இடமிருக்கிறது.

தாமதம் எப்போதும் ஏழைகளைத்தான் வதைக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. 1990-களின் தொடக்க ஆண்டுகளுக்கு வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யாததற்காக ஜெயலலிதா, சசிகலா மற்றும் சசி என்டர்பிரைசஸ்மீது தொடரப்பட்ட வழக்குகள் மேல்முறையீடுகளில் சுற்றிவந்து, 2014 ஜனவரி 30 அன்றுதான் உச்ச நீதிமன்றத்தில் தடை நீங்கின. நான்கு மாதத்தில் முடிக்கும்படி உத்தரவானது. இறுதியில் காம்பவுண்டிங் முறையில், கட்டணம் செலுத்தி, எழும்பூர் நீதிமன்றத்தில் வழக்குகள் முடிவுக்கு வந்தன. வரம்பில்லாத சட்டம், விரைவான விசாரணையைக் கொண்டுவரவில்லை.

ஐரோப்பாவில் இதே பதற்றம் இத்தாலிக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையே மோதலாக வெடித்தது. இத்தாலியின் குறுகிய வரம்புகளால் மதிப்புக் கூட்டு வரி மோசடி வழக்குகள் கொத்துக்கொத்தாகக் காலாவதியாகின்றன என்பதால், அந்த வரம்பைத் தேவைப்பட்டால் ஒதுக்கிவைக்கலாம் என்று 2015-இல் தாரிக்கோ வழக்கில் ஒன்றியத்தின் நீதிமன்றம் சொன்னது. காலவரம்பு எங்கள் நாட்டில் குற்ற வரையறையின் பகுதி; குடிமகனுக்கு எதிராக அதைப் பின்தேதியிட்டு மாற்ற முடியாது என்று இத்தாலிய அரசியல் சாசன நீதிமன்றம் மறுத்தது. 2017 டிசம்பரில் ஒன்றியத்தின் நீதிமன்றம் பின்வாங்கியது.

வழக்கு தொடங்கிய பிறகு

இத்தாலியில் விசாரணை நடக்கும்போதும் காலவரம்பு ஓடிக்கொண்டே இருந்தது. வாய்தா வாங்குவதே தற்காப்பு என்றானது. இந்தியாவில் புகார் பதிவானால் கணக்கு நின்றுவிடும். இங்கே சிக்கல் எதிர்ப்பக்கம். ரயில்வே அமைச்சர் எல்.என். மிஸ்ரா 1975 ஜனவரியில் சமஸ்திபூரில் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு 2014 டிசம்பரில் வந்தது. விசாரணைக்கு உச்சவரம்பு நிர்ணயிக்க நீதிமன்றங்களுக்கு அதிகாரம் இல்லை என்று 2002-இல் ஏழு நீதிபதிகள் அமர்வு முடிவு செய்திருந்தது.

வாச்சாத்தியைச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. 1992 ஜூனில் தருமபுரி மாவட்ட மலைக்கிராமத்தில் வனத்துறை, காவல் துறை, வருவாய்த் துறையினர் நடத்திய கொடுமைகளுக்கு 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று அறிவிக்கப்பட்டார்கள். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. குறுகிய காலவரம்பு இருந்திருந்தால், குற்றத்தை மறுத்துக்கொண்டிருந்த அரசு இயந்திரமே அந்தக் கெடுவைக் கடத்தியிருக்கும். குற்றம் செய்தவர் அரசு ஊழியராக இருக்கும்போது காலவரம்பு யாருக்குச் சாதகம் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

திறந்திருக்கும் கேள்விகள்

கொலைக்கும் மானுடத்துக்கு எதிரான குற்றத்துக்கும் வரம்பு கூடாது என்பதில் பல நாடுகள் ஏறத்தாழ ஒரே இடத்துக்கு வந்துவிட்டன. குழந்தைகள்மீதான குற்றத்தில் அதே திசையில் நகர்வு தெரிகிறது. வரிக் குற்றத்தில் அப்படி ஒருமித்த முடிவு இல்லை. அமெரிக்கா ஆறு ஆண்டோடு நிற்கிறது, ஜெர்மனி பதினைந்துக்குப் போயிருக்கிறது, இந்தியா எல்லையே வைக்கவில்லை. மறைத்த ஆண்டுகளைக் கழித்துவிட்டு, துறைக்குத் தெரியவந்த நாளிலிருந்து ஒரு கெடு வைப்பது நியாயமாகத் தோன்றுகிறது. ஆனால் துறைக்கு எப்போது தெரிந்தது என்பதைத் துறையின் கோப்பிலிருந்துதான் அறிய வேண்டியிருக்கும் என்பது இந்த யோசனையின் பலவீனம்.

காலாவதியான வழக்கை உயிர்ப்பிக்கலாமா என்பதும் தீரவில்லை. வரம்பு முடிவதற்குள் நீட்டிக்கலாம் என்று ஜெர்மன் அரசியல் சாசன நீதிமன்றம் 1969-இல் ஏற்றது. முடிந்த பிறகு உயிர்ப்பிக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2003-இல் ஸ்டாக்னர் வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற பிளவில் சொன்னது.

இந்த வேறுபாடு இலங்கையில் வெறும் ஏட்டுக் கேள்வி இல்லை. அங்கே 1979-ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 456-ஆம் பிரிவு கொலைக்கும் அரச துரோகத்துக்கும் மட்டுமே வரம்பு இல்லை என்கிறது. தனி ஏற்பாடு இல்லாத பிற குற்றங்கள் இருபது ஆண்டில் காலாவதியாகும். அங்கே உள்நாட்டுப் போர் 2009 மே மாதம் முடிந்தது. காணாமல் ஆக்கப்பட்டோர் விடயத்தில், ஆள் எங்கே என்பது தெரியாதவரை குற்றம் தொடர்கிறது என்று வாதிட, வலிந்து காணாமல் ஆக்கப்படுவதற்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இடமுண்டு. இலங்கை 2016-இல் அதை ஏற்று 2018-இல் உள்நாட்டுச் சட்டமும் இயற்றியது. அந்தச் சட்டம் தனக்கு முந்தைய கடத்தல்களைத் தொடுமா என்பது தெளிவாகவில்லை. சித்திரவதை, பாலியல் வன்கொடுமை பற்றிய புகார்களுக்கு அந்த வாதமும் உதவாது. இலங்கை அரசியலமைப்பின் 13(6) உறுப்புரை பின்தேதியிட்ட தண்டனையைத் தடுக்கிறது. உலக நாடுகள் ஏற்ற பொதுச்சட்டக் கோட்பாடுகளின்படி முன்பே குற்றமானவற்றுக்கு விலக்கும் தருகிறது. 456-ஆம் பிரிவைத் திருத்த நினைத்தால், வரம்பு முடிவதற்குமுன் திருத்துவது வேறு, முடிந்தபின் திருத்துவது வேறு. போரின் கடைசி மாதங்களைப் பொறுத்தவரை அந்த இடைவெளி 2029 மே மாதத்தோடு மூடுகிறது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் குற்றங்களுக்கு அது இன்னும் முன்னதாகவே மூடும்.